‘பூட்டியிருந்தது’ என்று எழுதிய வளவு

புதிதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முதலில் என் வாழ்த்து, கூடவே என் அனுதாபம். நுளம்பைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதைப் பயிற்சியில் பெரிய பெரிய படமாகப் போட்டுக் காட்டியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் நுளம்பைப் போல ஒழுங்கான பிராணியை நான் கண்டதில்லை. டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீர் நிற்கிற பாத்திரம் தேடி முட்டையிடும். ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாளில் முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகிப் பறந்துவிடும். காலையில் கடிக்கும், பின்னேரம் கடிக்கும். பிறந்த இடத்தை விட்டு நூறு இருநூறு மீற்றருக்கு மேல் போக அதற்குச் சோம்பல். இவ்வளவும் தெரிந்தால் அதைப் பிடிப்பது பெரிய வேலையில்லை. பிடிபடாமல் போவது இன்னொரு பிராணியால்தான். கையில் கோப்பும் ரோச் லைற்றும் வைத்துக்கொண்டு திரியுமே, அது.

முப்பத்தொரு வருடம் நான் அந்தப் பிராணியாக இருந்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, “இவர் கால் படாத வீடு வளவு இந்தப் பிரிவிலேயே இல்லை” என்று பேசினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். கால் படாத வளவு ஒன்று இருந்தது. அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்புக்குத் தெற்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் எழுவான்கரை ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊரில் ஒரு கண்ணகை அம்மன் கோயில். வெளி மாவட்டத்திலிருந்து வந்த உங்களில் சிலருக்கு எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதிருக்கலாம். வருடத்தில் ஒருமுறை, வைகாசியில்தான் திருக்கதவு திறப்பார்கள். சடங்கு நடக்கிற நாட்களில் ஊரே அங்கே கிடக்கும். சடங்கு முடிந்து கதவைச் சாத்தினால் அடுத்த வைகாசி வரை அதை ஒருவரும் தொடமாட்டார்கள். தொட நினைக்கவும் மாட்டார்கள்.

காய்ச்சல் வந்தது தை மாதத்தில், மாரி மழை ஓய்ந்த கையோடு. கோயிலின் பின்பக்கமாக ஓடுகிற ஒரே ஒழுங்கையில் மூன்று கிழமைக்குள் ஆறு பேருக்கு டெங்கு. மாவட்ட அலுவலகத்திலிருந்து காலையில் ஒரு அழைப்பு, பின்னேரம் ஒரு அழைப்பு. எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி, டொக்டர் அம்மா என்போம், என்னைக் கண்டாலே “எங்க இருந்து வருது எண்டு கண்டுபிடிச்சாச்சா?” என்றுதான் தொடங்குவார். ஒழுங்கைக்காரரிடம் அதற்குப் பதில் தயாராக இருந்தது. “வாவியில இருந்துதான் சேர் வருது. வாவியத் துப்பரவாக்குங்க.” நுளம்பு பெருகிய காலம் தொட்டு எங்கள் வாவி இந்தப் பழியைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தப் பென்னாம்பெரிய வாவியை விட்டுவிட்டு நுளம்பு உங்கள் வீட்டுப் பூச்சாடித் தட்டைத்தான் தேடி வருகிறது என்று சொன்னால், அவமானப்படுத்தியதுபோல் பார்ப்பார்கள்.

பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் பதிலோடு நிற்காமல் பரிகாரத்தோடும் வந்தார். புகை. எங்கள் சனத்துக்குப் புகையில் இருக்கும் பக்தி சாம்பிராணிக்குக்கூட இல்லை. யந்திரம் இரைந்தது, வெள்ளைப் புகை எழும்பியது, பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள், உறுப்பினர் யந்திரத்தில் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் புகை இருந்தது, உறுப்பினர் இருந்தார், நுளம்பு மட்டும் இல்லை. அதைக் கண்டதும் நுளம்பு ஒழிந்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டியது. புகை பறக்கிற நுளம்பைக் கொஞ்சம் கொல்லும். தண்ணீருக்குள் நெளிகிற குடம்பிக்கு அது ஒன்றும் செய்யாது. ஐந்தாம் நாள் ஏழாவது ஆளுக்குக் காய்ச்சல் வந்தது.

இனி ஒரு குற்றவாளி வேண்டும். தம்பிமாரே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அலுவலகம் உங்களிடம் காரணத்தைக் கேட்கிறபோது உங்கள் கால் தானாகவே எளிய வீட்டுப் பக்கம் திரும்பும்.

ஒழுங்கையில் முதல் வீடு ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவருடையது. அவர் விறாந்தையில் பூ வைத்த பளிங்குச் சாடிக்குள் குடம்பிகள் கூத்தாடின. “சேர், இந்தத் தண்ணிய ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாத்தினா நல்லம் சேர்” என்றேன். தேத்தண்ணி தந்தார், குடித்தேன். அதற்குப் பெயர் வாய்மொழி அறிவுறுத்தல். கடைசி வீடு யோகத்தினுடையது. யோகேஸ்வரி என்பது முழுப் பெயர். புருசன் இல்லை. விடிய எழும்பி இடியப்பம் அவித்து, பெட்டியில் அடுக்கி, ஒழுங்கை முழுதும் கொடுத்துத்தான் சங்கவி என்ற ஒரே மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடுப்படிக்குப் பின்னால் ஒரு வெறும் தயிர்ச் சட்டி கிடந்தது. வெற்றிலைக் கொடி வைக்க எடுத்து வைத்ததாம். மழைத் தண்ணீர் நாலு விரல் உயரம், அதற்குள் மூன்று குடம்பி. நான் தேத்தண்ணி கேட்கவில்லை. சிவப்பு நோட்டீஸ் எழுதினேன், வழக்குக்கும் எழுதினேன். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சும்மா சொன்ன சொல்லில்லை.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே யோகம் சொன்னாள்:

“சட்டி என்ர பிழைதான் சேர். ஆனா நீங்க ஒருக்காக் கோயிலுக்குள்ளயும் பாருங்களன். பின்னேரத்தில இந்தப் பின்வேலியடியில நிக்க ஏலா, அப்பிடிக் கடிக்குது. புள்ள இதிலதான் மேசை போட்டுப் படிக்கிறாள்.”

“கோயில் வைகாசியிலதானே திறக்கிற” என்றேன்.

“அது நுளம்புக்குத் தெரியுமா சேர்?”

நான் சிரித்தேன். நல்ல பகிடி என்று நினைத்தேன். எங்கள் படிவத்தில் பூட்டியிருந்த வளவுகளுக்கு என்று ஒரு கட்டம் உண்டு. நாட்டைக் காப்பாற்றுகிற கட்டம் அது. அந்த மாதத்தில் மூன்று முறை அந்த ஒழுங்கைக்குப் போனேன். மூன்று முறையும் கோயில் வளவுக்கு நேரே ‘பூட்டியிருந்தது’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பயம்தான். எங்கள் வீட்டில் எனக்குச் சின்னம்மை போட்டபோது வேப்பிலையில் கிடத்தி, அம்மாளின் பேரைச் சொல்லித்தான் தண்ணீர் வார்த்தார்கள். படிப்பும் பதவியும் வந்த பிறகும் அந்த மூடிய கதவுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அதோடு ஊர்ப் பயம். கோயிலில் கைவைத்த பி.எச்.ஐ. என்று பெயர் எடுத்தால் அடுத்த மாதம் எந்த எல்லைக் கிராமத்துக்கு மாற்றுவார்களோ என்ற பயம். யோகத்துக்குப் பயப்பட வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. ஆகவே நான் விஞ்ஞானபூர்வமாக அவள் வீட்டில் காரணத்தைக் கண்டுபிடித்தேன்.

சிவப்புத் தாள் ஒட்டிய வாசல் படலையை ஒழுங்கை பார்த்தது. அடுத்த நாளே அவளிடம் இடியப்பம் வாங்குவதை நிறுத்தினார்கள். “அது நுளம்பு வளக்கிற வீடு” என்றார்கள். சாடிக்குள் குடம்பி வளர்த்த அதிபர்தான் முதலில் நிறுத்தியவர் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு கிழமை கழிய சங்கவிக்குக் காய்ச்சல். மூன்று நாள் அனலாய்க் காய்ந்தது. நாலாம் நாள் விட்டது. யோகம் அம்மாளுக்கு நேர்ந்துவிட்டு, பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்க விட்டாள். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம். வயிற்று நோவு, சத்தி, கை கால் குளிருதல் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இதையெல்லாம் விளக்கும் துண்டுப்பிரசுரம் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. அதிபர் வீட்டில் இரண்டு கொடுத்தேன். யோகத்தின் வீட்டில் நோட்டீஸைக் கொடுத்த வேகத்தில் துண்டுப்பிரசுரம் அயத்துப்போச்சு. என் பையிலேயே கிடந்தது. பிள்ளை மயங்கி விழுந்த பிறகுதான் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினாள். அவசர சிகிச்சைப் பிரிவில் விட்டார்கள்.

நோயாளியின் வீட்டைப் பரிசோதிப்பது எங்கள் கடமை. கடமை தவறாத நான் பின்னேரம் நாலரை மணிக்குப் போனேன். வீட்டில் யாருமில்லை. பின்வேலியடியில் சங்கவியின் மேசை கிடந்தது, அதன்மேல் திறந்தபடி ஒரு கணக்குக் கொப்பி. ஒரு எண்ணம் வந்தது. அந்தக் கதிரையில் உட்கார்ந்து சட்டையின் இரண்டு கையையும் மடித்துவிட்டேன். அந்தப் பிள்ளை படிக்கிற நேரம், அந்தப் பிள்ளை இருக்கிற இடம். ஐந்து நிமிடத்துக்குள் முழங்கை வரை வந்து குந்தின. காலில் வெள்ளை வரி போட்டவை. யோகத்தின் வளவை நான்தான் சுத்தம் செய்வித்திருந்தேன். அங்கே ஒரு சிரட்டைகூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கோயில் மதில். மதிலோடு ஒட்டிக் கோயில் மடைப்பள்ளி, சடங்குக்குப் பொங்கிப் படைக்கிற இடம். அதன் கூரையில் தேங்காய் விழுந்து நாலைந்து ஓடு உடைந்து கிடந்தது. அந்த ஓட்டை மாரி முழுதும் அங்கேதான் இருந்திருக்கும். கதிரையில் இருந்து தலையை நிமிர்த்தினாலே தெரிந்தது. மூன்று முறை வந்தும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு வந்த வெட்கத்தை என்னவென்று சொல்வது. அந்தக் கொப்பியை மூடி வைக்கக்கூடக் கை கூசியது.

டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் சட்டத்தைப் புரட்டினார். “பொலிசோட போய்ப் பூட்ட உடைக்கலாம். சட்டத்தில இடம் இருக்கு” என்றார். உறுப்பினருக்கு எப்படியோ செய்தி போய், தொலைபேசியில் வந்தார். “அந்தக் கதவில கை வைச்சா ஊர் பத்தும். இன்னும் ரெண்டு தரம் புகை அடிச்சு விடுங்க.” நாளை மத்தியானத்துக்குள் ஒரு முடிவு வேண்டும் என்று டொக்டர் அம்மா கோப்பை என் பக்கம் தள்ளினார். கதவை உடைத்தால் கலகம். இனி எந்த ஊரும் எங்களுக்குப் படலையைத் திறக்காது. உடைக்காவிட்டால் வைகாசி வரை நாலு மாதம். ஒழுங்கையில் பிள்ளைகள் இல்லாத வீடு ஒன்றுமில்லை. இப்படி இரண்டு வழி மட்டும் தெரிகிற நேரத்தில் மூன்றாவது வழி தெரிந்த ஆள் யார் என்று தேட வேண்டும். அதைத் தேடுவதற்கு எனக்கு மூன்று கிழமையும், சாவின் விளிம்பில் கிடந்த ஒரு பிள்ளையும் தேவைப்பட்டன. நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரராக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அந்தக் கோயிலில் பூசை செய்கிறவரைக் கட்டாடியார் என்பார்கள். நீண்ட தாடியும் காவியுமாக ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். சந்தியில் ஓட்டோவுக்குள் காலை நீட்டிக்கொண்டு போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். நான் சுற்றி வளைத்துச் சட்டம், நோய், பொதுநலன் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் போனை அணைக்காமல் கேட்டார்.

“கதவு திறக்க ஏலா சேர்.”

“அது தெரியும். அதுதான்…”

“கூரையில ஏற ஏலா எண்டு ஆரு சொன்ன?”

“ஏறலாமா?” என்று கேட்டேன்.

“ஓடு உடைஞ்சா மாத்துற தானே. மழைக்கு அம்மாள நனைய விடுறதா? போன வருசமும் வெளியால ஏணி வைச்சுத்தான் மாத்தின. இந்த முற உடைஞ்சது எனக்குத் தெரியா. ஆரும் சொல்லவும் இல்ல, நீங்க கேக்கவும் இல்ல.”

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் கட்டாடியார் முழுகி, ஈர வேட்டியோடு ஏணியில் ஏறினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன். என் முப்பத்தொரு வருடச் சேவையில் செய்த பிரயோசனமான வேலைகளில் அதுவும் ஒன்று. உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டு அவர் உள்ளே வெளிச்சம் அடித்தார்.

“சேர், கிடாரம்! பொங்கல் கிடாரம் வாயத் திறந்துகொண்டு கிடக்கு. நிரம்பத் தண்ணி. உள்ளுக்குக் கொதிக்கிற மாதிரி நெளியுது!”

சடங்கு முடிந்த அன்று களைப்பில் யாரோ அதைக் கவிழ்க்காமல் விட்டிருக்கிறார்கள். ஓட்டைக்கு நேர் கீழே. மருந்துத் தூளைப் போடுவோம் என்றேன். அம்மாளுக்குப் பொங்குகிற பாத்திரத்தில் மருந்தா என்று முறைத்தார். பிறகு தன் ஓட்டோவுக்குள் இருந்து நீளமான ரப்பர் குழாயை எடுத்து வந்தார். டாங்கிக்குள் இருந்து பெற்றோல் எடுத்துப் பழகிய குழாய் என்று நான் நினைத்ததைக் கண்டுபிடித்துவிட்டார். “புதுக் குழாய் சேர். முகத்தை அப்பிடி வைக்காதீங்க” என்றார். குழாயைத் தண்ணீரால் நிரப்பி ஒரு நுனியைக் கிடாரத்துக்குள் விட்டு, மறு நுனியை மதிலுக்கு மேலால் என் கைக்குத் தந்தார். நான் அதைத் தாழப் பிடித்தேன். மடைப்பள்ளித் தண்ணீர் மதில் தாண்டி வெளி மணலில் ஊற்றியது. குடம்பிகள் மணலில் துடித்து அடங்கின. தண்ணீர் வற்றியதும் தேங்காய் பறிக்கிற கொக்கைத்தடியை விட்டுக் கிடாரத்தைக் கவிழ்த்தார். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்காகக் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டால் திரும்ப உயிர்க்கும், கவிழ்த்தால் தண்ணீர் நிற்காது, வைகாசியில் திறக்கும்போது நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று நான் கீழேயிருந்து கத்தினேன். “ஓம் சேர், ஓம் சேர்” என்றபடி புது ஓடுகளைப் போட்டார். ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. கதவு அப்படியே இருந்தது. ஊரும் பத்தவில்லை. மறுகா அந்த ஒழுங்கையில் காய்ச்சல் ஓய்ந்தது.

சங்கவி எட்டு நாள் ஆசுபத்திரியில் கிடந்து எழும்பினாள். மூன்றாம் நாள் பிழைக்காது என்று நினைத்துத் தாயை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். அது எனக்குப் பிறகுதான் தெரியும். எழும்பி வந்தபோது முழங்காலளவு இருந்த முடி கொட்டி, மெலிந்து போயிருந்தாள். உயிரோடு இருந்தாள். நான் செய்த புண்ணியம் அதில் ஒன்றும் இல்லை.

இனி வழக்கு. அதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று டொக்டர் அம்மாவிடம் போனேன்.

“சட்டிக்குள்ள குடம்பி இருந்ததா இல்லையா?”

“இருந்தது.”

“பிறகென்ன?”

சட்டம் சரி, சாட்சி சரி, சட்டி சரி. நீதிமன்றத்திலாவது உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்தேன். காரணம் இவள் வீடு இல்லை, அதைத் தேடிப் பார்க்காமல் விட்டது நான், அவள் எனக்கு முதலே சொன்னாள் என்று ஒரு தாளில் எழுதி, இரவு முழுதும் பாடமாக்கினேன். மிகவும் உருக்கமாக இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

யோகத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றப்பத்திரிகை வாசித்து முடிய முன்னமே அவள் “ஓம் ஐயா, நான் குற்றவாளிதான்” என்றாள். தண்டம் விதித்தார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே ஓடிப்போய் அவளை மறித்தேன். “ஏன் யோகம் ஓம் எண்டு சொன்ன? நான் உனக்காகச் சொல்லத்தானே வந்தனான்” என்றேன்.

“இல்லையெண்டு சொன்னா இன்னொரு நாள் வரச் சொல்லுவாங்க சேர். புள்ளைய விட்டுப்போட்டு வர ஏலா” என்றாள். பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டாள். “எனக்காக இங்க சொல்லி என்ன? நான் உங்களுக்குச் சொன்ன அண்டைக்கு நீங்க என்னத்த செய்தீங்க?”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். நான் எழுதிய தாள் பையில் இருந்தது. அதைக் கசக்கி எறியக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் காலாண்டில் வழக்குத் தாக்கல் செய்ததற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கிடாரத்தைக் கவிழ்த்ததை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எழுதி யோகத்தின் கோப்பில் சேர்க்கும்படி கொடுத்தேன். இலக்கம் இல்லாத தாள் என்று திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்கும் அந்த ஒழுங்கையின் கோப்பைத் திறந்தால், நோய்க்குக் காரணமான இடம் என்று யோகத்தின் வீட்டு இலக்கம்தான் இருக்கும். கையெழுத்து என்னுடையது.

அடுத்த மாரிக்கு உங்களில் யாரோ ஒருவர் அந்தக் கோப்பை வாசித்துவிட்டு, நேரே அவள் படலையைத் தட்டப் போகிறீர்கள். தட்டுங்கள். அவள் எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறாளோ அந்தப் பக்கம் முதலில் பாருங்கள். யார் அனுப்பியது என்று கேட்டால் என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள், திறக்கமாட்டாள்.